ஒரு ஜோடி ரேஸ் ஹெட்

துணியைப் பிரித்து அந்த இரண்டு எஞ்சின் ஹெட்டையும் தம்பி மேசைமேல் வைத்ததுமே அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. இரண்டும் பளபளவென்று இருந்தன. பழைய ஹெட் என்றால் கரி இருக்க வேண்டும், எண்ணெய்க் கறை இருக்க வேண்டும், யாராவது ஒரு அரைகுறை மெக்கானிக் ஸ்பானரால் கீறின தழும்பாவது இருக்க வேண்டும். இப்படிக் குளித்து முழுகி வந்து நிற்கிற ஹெட்டை அவள் ஒருநாளும் நம்பினதில்லை.

“எப்படிக்கா? மூக்கும் முழியுமா இருக்கில்ல?” என்றான் தம்பி.

“பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்? இதுக்கு மணல் அடிச்சது யாரு?”

“நான்தாம்மா,” என்றார் தம்பிக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். ஹெட்டுகள் அவருடைய மகளின் ரேஸ் பைக்கில் இருந்தவை, தம்பிக்கு விற்கக் கொண்டு வந்திருந்தார். இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, நர்ஸ் வேலை கிடைத்ததும் அந்தப் பெண் வண்டியை விட்டுவிட்டாள். “கரியும் கறையுமா எடுத்துட்டு வந்தா மரியாதையா இருக்காதேன்னு கொண்டுபோய் சுத்தம் பண்ணிட்டேன். தப்பாம்மா?”

தப்புத்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்தால் உலோகத்தின் மேல்பரப்பு நசுங்கி, மயிரிழை வெடிப்பெல்லாம் வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்குச் சிக்காது.

அவளை அந்த வட்டாரத்தில் எல்லோரும் ஹெட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த ஆண்கள்கூட வெட்கமில்லாமல் அக்கா என்பார்கள். இருபது வருஷமாக ஒரே தொழில், ஒரே தகரக் கூரை. எஞ்சின் சிலிண்டருக்கு மூடியாக உட்காருவது ஹெட். வால்வுகள் அதற்குள்தான் ஏறி இறங்கும். வால்வு உட்காரும் வளையத்தைச் சீராக வெட்டுவதும், ஹெட் பிழைக்குமா பிழைக்காதா என்று சொல்வதும் அவள் வேலை. அவள் நல்லதென்றால் நல்லது. வெடித்திருக்கிறது என்றால் உரிமையாளர் கண்ணெதிரிலேயே உளியை வைத்து, ஹெட்டின் அடிமுகத்தில் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிவிடுவாள். வெட்டின ஹெட்டை அப்புறம் எவனும் யார் தலையிலும் கட்ட முடியாது. இதற்குச் சம்மதித்தவர்கள் மட்டும்தான் அவளிடம் கொண்டு வருவார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட, ஏன் வெட்டினாய் என்று அவளைக் கேட்டதில்லை.

“ஞாயித்துக்கிழமை ரேஸ்க்கா,” என்றான் தம்பி. “நீ ஒரு வார்த்தை சொல்லு, இன்னைக்கே மாட்டிடறேன்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

தம்பி அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். அவள் இடுப்பில் வளர்ந்தவன். இப்போது கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம் வளர்ந்திருந்தாலும், அவள் கணக்கில் இன்னும் அந்த இடுப்பிலேயேதான் இருந்தான். இரண்டு சிலிண்டர் வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக ரேஸ் ஓட்டுகிறான். ஓட்டுகிறான் என்றால் கடைசியாக வருகிறான். அவன் வண்டியின் ஹெட்டுகள் கம்பெனியில் போட்ட சாதாரண ஹெட்டுகள், பாவம், மூச்சு வாங்கும். ஒவ்வொரு முறையும் அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரும்போது அக்கா, “அடுத்த தடவை பாத்துக்கலாம்டா” என்று முதுகைத் தட்டுவாள். மனசுக்குள் அப்பாடா என்றிருக்கும். கடைசியாக வருகிறவனைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

ஏனென்றால் முதலில் வந்துகொண்டிருந்த ஒருவனை அவள் பார்த்திருக்கிறாள். தம்பியின் சிநேகிதன், நெட்டையன் என்று கூப்பிடுவார்கள். நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வரும்போது ஹெட் வெடித்து, வால்வு முறிந்து உள்ளே விழுந்து, எஞ்சின் அப்படியே இறுகி, பின்சக்கரம் நின்றுவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தாள். வண்டி போன திசை வேறு, அவன் போன திசை வேறு. அவன் எழுந்திருக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள்: ஹெட்டக்காகிட்ட ஒரு தடவை காட்டியிருந்தா பொழைச்சிருப்பான். அன்றிலிருந்து அவள் பெயர் நாலு பேருக்குப் பதிலாக நாற்பது பேருக்குத் தெரிந்தது, தூக்கம் மட்டும் பாதியாகிவிட்டது.

இப்போது மேசைமேல் இருந்தவை அதே மாதிரி ரேஸ் ஹெட்டுகள். வால்வு பெரிது, காற்று போகிற வழி அகலம். அதற்கு இடம் கொடுப்பதற்காக இரண்டு வால்வுக்கும் நடுவில் உலோகத்தை நகத்தின் அகலத்துக்குக் குறைத்திருந்தார்கள். வெடிப்பதென்றால் அந்த இடத்தில்தான் வெடிக்கும்.

“சூடு பண்ணிப் பாக்கணும்,” என்றாள்.

மின்னடுப்பைப் போட்டாள். சுண்ணாம்புப் பொடியை ஸ்பிரிட்டில் கரைத்து, இரண்டு ஹெட்டின் உள்முகத்திலும் மெல்லிசாகப் பூசினாள். ஸ்பிரிட் பறந்து வெள்ளை மட்டும் தங்கியதும் இரண்டையும் அடுப்பில் வைத்தாள். இதுதான் அவளுடைய வழி. வெடிப்பு வாயை எவ்வளவுதான் மூடிக்கொண்டாலும், ஓடின காலத்து எண்ணெய் கொஞ்சம் அதற்குள் ஒளிந்திருக்கும். சூடேறினால் அது வேர்த்துக்கொண்டு வெளியே வரும், வெள்ளையில் பழுப்பாக ஒரு கோடு போடும். சூட்டுக்கு முன்னால் எந்த ஹெட்டும் பொய் சொன்னதில்லை.

பத்து நிமிஷம் ஆனது. பெரியவர் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் போல முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பி விரல் நகத்தைக் கடித்தான். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். வரட்டும், ஒரு கோடு வரட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. வந்தால் தலைவலி விட்டது.

வரவில்லை.

“நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க,” என்றாள். “இன்னும் நேரமாகும்.”

அவர்கள் போனபிறகு சூட்டைக் கூட்டினாள். இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம். இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. இவ்வளவு நல்ல ஹெட்டை அவள் பார்த்தே ஒரு வருஷம் இருக்கும். அந்தப் பெண் வண்டியைக் கண்ணாக வைத்திருந்திருக்கிறாள். இதை மாட்டினால் தம்பி கடைசியாக வரமாட்டான். நேர்ப்பாதையில் நெட்டையன் போன வேகத்தைத் தாண்டிப் போவான். தெருவில் தம்பியின் சிரிப்புச் சத்தம் கேட்டது, டீக்கடையிலிருந்து திரும்பி வருகிறான். வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் போகிற காட்சி அவள் கண்ணுக்குள் ஓடியது. அதற்குமேல் அவள் யோசித்தாள் என்று சொன்னால் அது பொய்.

தையல் ஊசியை எடுத்தாள். பழைய எண்ணெய்க் கிண்ணத்தில் நுனியை முக்கி, ஒரு ஹெட்டில் இரண்டு வால்வுக்கும் நடுவே மெல்ல இழுத்தாள். சூடான சுண்ணாம்பு அதை உறிஞ்சிக்கொண்டது. அசல் வெடிப்பே தோற்றுப்போகிற மாதிரி ஒரு பழுப்புக் கோடு விழுந்தது. ஊசியை முந்தானையில் குத்திக்கொள்வதா எங்கே வைப்பதா என்று தெரியாமல் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

“என்னக்கா?” வாசலிலேயே தம்பி நின்றுவிட்டான். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துபோனது.

“வெடிச்சிருக்கு,” என்றாள். “பாத்துக்கோ.”

அவன் குனிந்து பார்த்தான். முதுகு தளர்ந்தது. ஆனால் அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவனை அப்படித்தான் வளர்த்திருந்தாள். பேசினது பெரியவர்தான். கோட்டைப் பார்த்ததும் அப்படியே ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

“இதை மாட்டிக்கிட்டா என் பொண்ணு ரெண்டு வருஷம் ஓட்டினா?”

அக்கா அடுப்பை அணைத்தாள்.

“நான்தாம்மா வேலிகிட்ட நின்னு, இன்னும் வேகமா, இன்னும் வேகமான்னு கத்துவேன். நான்தான் கத்துவேன்.” கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், மறுபடி நெற்றியைத் துடைத்தார். அப்புறம் எழுந்து அவளைப் பார்த்துக் கைகூப்பினார். “உன் தம்பியைக் காப்பாத்திட்டே. நான் வித்துட்டுப் போயிருந்தா அந்தப் பாவம் என் தலையில விடிஞ்சிருக்கும். வெட்டிடும்மா.”

உளியை எடுத்து வைத்துச் சுத்தியலால் அடித்தாள். நல்ல உலோகம், கணீரென்றது. வெடித்த ஹெட் அப்படிக் கணீரென்காது என்று அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“அந்த இன்னொண்ணையும் வெட்டிடு,” என்றார் பெரியவர்.

“அது நல்லாத்தான் இருக்குங்க ஐயா.”

“எனக்கு வேண்டாம்மா. அதைப் பாத்தாலே பயமா இருக்கு. வெட்டு.”

வெட்டினாள். கை பதறி உளி ஒருமுறை வழுக்கியது.

அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள் என்று சொல்லிவிட வேண்டும். வெட்கக்கேடுதான், ஆனால் தூங்கினாள். மறுநாளும் நிம்மதியாகவே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தம்பி பழைய ஹெட்டோடு போவான், புகையைக் கக்கிக்கொண்டு கடைசியாக வருவான், அவள் முதுகைத் தட்டுவாள். பெரியவரின் ஞாபகம் வந்தபோதெல்லாம் வேலையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தெருமுனையில் ஒரு சத்தம் கேட்டது. கையிலிருந்த வால்வை அப்படியே கீழே வைத்தாள். இருபது வருஷம் எஞ்சினோடு குடித்தனம் நடத்துகிற காது அது. தம்பியின் வண்டிதான், ஆனால் அவன் வண்டியின் சத்தம் இல்லை. பழைய ஹெட் இருமும். இது சீறியது.

பட்டறைக்குள்ளேயே வண்டியை ஏற்றி நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றினான். முகமெல்லாம் பல்.

“எப்படிக்கா கேக்குது?”

“என்னடா மாட்டியிருக்கே?”

“பழைய இரும்புக் கடையில ஒரு ஜோடி கிடந்துச்சுக்கா. ரேஸ் ஹெட்டு. யாரோ விழுந்து நொறுங்கின வண்டியாம், இது மட்டும் முழுசா இருந்துச்சு. நேத்து வாங்கி நானே மாட்டிட்டேன். நாளைக்கு ஒத்திகை, நாளன்னைக்கு ரேஸு.”

விழுந்த வண்டி. ஏன் விழுந்தது என்று யாராவது கேட்டார்களா?

“என்கிட்ட ஏண்டா காட்டல?”

“எதுக்குக் காட்டணும்?” அவன் சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை. பயம் தெளிந்தவன் சிரிக்கிற சிரிப்பு. “நான் யோசிச்சுப் பாத்தேன்க்கா. அந்தப் பொண்ணு வெடிச்ச ஹெட்டோட ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கா. மூணு தடவை ஜெயிச்சிருக்கா. ஒரு கீறல் உண்டா? நெட்டையனுக்கு அவன் நேரம், போயிட்டான். நாமதான் வெடிப்பு வெடிப்புன்னு மூணு வருஷமா செத்துச் செத்துப் பொழைச்சிட்டிருக்கோம். வெடிப்பு இருந்தா என்ன இப்போ? எனக்குப் பயமே போயிடுச்சுக்கா. உன் புண்ணியத்துல.”

அவன் அதை நன்றியோடுதான் சொன்னான். அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷமாக அவனை உயிரோடு வைத்திருந்தது அந்தப் பயம் ஒன்றுதான். ஒரு ஊசி நுனி எண்ணெயில் அதை அவளே துடைத்துப் போட்டிருந்தாள்.

“கழட்டு,” என்றாள்.

“என்னது?”

“ஹெட்டைக் கழட்டுடா. நான் பாக்கணும்.”

“வேண்டாம்க்கா. நீ பாத்தா வெடிப்புன்னுதான் சொல்லுவே. உன் கை அன்னைக்கு எப்படி நடுங்கிச்சுன்னு நான் பாத்தேன். பாவமா இருந்துச்சு எனக்கு.”

“அதுல வெடிப்பு இல்லடா.”

“எதுல?”

“பெரியவரோட ஹெட்டுல. ரெண்டுமே நல்ல ஹெட்டு. நான்தான் ஊசியால எண்ணெய் தொட்டு கோடு போட்டேன்.” அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று தெரியும். “நீ வேகமாப் போயிடுவேன்னு பயந்துட்டேன். நெட்டையன் மாதிரி உன்னையும் ரோட்டுல பாக்கணுமேன்னு பயம். அந்தப் பொண்ணு ரெண்டு வருஷம் பொழைச்சது வெடிப்போட இல்ல. நல்ல ஹெட்டோட. வெடிச்சிருந்தா பொழைச்சிருக்கவே மாட்டா.”

தம்பி அவளையே பார்த்தான்.

“இப்போ நான் இதைக் கழட்டணும்னு இப்படி ஒண்ணைச் சொல்றே.”

“சத்தியமாடா.”

“அன்னைக்கும் சத்தியமாத்தானே நின்னே? கோட்டைக் காட்டினே. உளியால வெட்டினே. அந்தப் பெரியவர் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டாரு. அப்பவும் சும்மாதானே நின்னே?” அவன் குரல் உடைந்தது. “ரெண்டுல எது பொய்க்கா? நான் எதைன்னு நம்பறது?”

இத்தனை பேர் ஹெட்டுக்குத் தீர்ப்புச் சொன்னவளிடம், தன் வார்த்தை நல்லது என்று காட்ட ஒரு சான்றும் இல்லை. சூடு பண்ணிக் காட்டலாமென்றால் அந்தக் கோட்டையும் அவளே போட்டாள் என்பான். நியாயம்தானே?

தம்பி தலைக்கவசத்தை எடுத்தான். கையில் வைத்துச் சுழற்றினான். போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவன் போகவில்லை.

“அவருக்குப் போன் பண்ணு,” என்றான்.

“யாருக்கு?”

“பெரியவருக்கு. இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே அவர்கிட்ட சொல்லு. என் காதுல விழற மாதிரி. நீ என்கிட்ட எத்தனை பொய் வேணும்னாலும் சொல்லுவே, உனக்கு நான்தான் உசுரு. ஆனா சொல்லாத பொய்யைச் சொன்னேன்னு ஊர்க்காரர்கிட்ட ஒத்துக்க மாட்டே. உன் பேரு போயிடும். சொன்னா நம்பறேன்.”

இருபது வருஷத்துப் பெயர். பெரியவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை, கேட்கிறவர்களுக்கெல்லாம் உள்ளதைச் சொல்லுவார். திங்கட்கிழமைக்குள் நாற்பது பேருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் இந்தத் தகரக் கூரைக்குக் கீழே எவன் ஹெட்டைக் கொண்டு வருவான்? போனை எடுத்தாள். விரல் இரண்டு முறை தவறான எண்ணில் விழுந்தது.

“சொல்லும்மா,” என்றார் பெரியவர், ஏதோ உறவுக்காரப் பெண் கூப்பிட்டது போல. “உன்னைத்தான் நெனச்சிட்டிருந்தேன். மூணு நாளாச்சு தூங்கி. கண்ணை மூடினா எம் பொண்ணு வண்டியில போறா. இன்னைக்கும் அவ வேலை பாக்கற ஆஸ்பத்திரிக்குப் போய் அவ முகத்தை ஒரு தடவை பாத்துட்டு வந்தேன்.”

“ஐயா,” என்றாள். “உங்க ஹெட்டு வெடிக்கல.”

அவள் சொன்னாள். ஊசியைச் சொன்னாள், எண்ணெயைச் சொன்னாள், அவர் டீ குடிக்கப் போன நேரத்தைச் சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. கண்ணீர் மூக்கோரமாக இறங்கியது, அதையும் துடைக்கவில்லை.

“ரெண்டுமே நல்லா இருந்துச்சா?”

“ரெண்டுமே.”

“அப்போ எம் பொண்ணுக்கு...” அவர் நிறுத்தினார். அழுகிறாரா என்று தெரியவில்லை. “எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அப்படித்தானே?”

“ஆகியிருக்காதுங்க ஐயா. நல்லா வச்சிருந்தாங்க வண்டியை.”

“இனிமே நீ சொல்றதை யாரும்மா நம்புவாங்க?” என்றார். திட்டவில்லை. உண்மையாகவே அவளுக்காகக் கவலைப்பட்டுக் கேட்டவர் போலக் கேட்டுவிட்டு, போனை வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அவள் திரும்பியபோது தம்பி வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். முதல் போல்ட் கழன்று தரையில் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் இரண்டாவதைத் திருகிக்கொண்டிருந்தான். எட்டு போல்ட்டும் கழன்றன. ஹெட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேசைமேல் வைத்தான். இரண்டும் கரியும் கறையுமாக, யாரோ ஒருவனுடைய கடைசி ஓட்டத்தின் அழுக்கோடு இருந்தன. வண்டியை விட்டு இவை இறங்கிவிட்டனவே என்று அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பழக்கதோஷத்தில் சுண்ணாம்புக் கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

“நீ தொடாத,” என்றான் தம்பி.

கை அந்தரத்தில் நின்றது.

“தள்ளி நில்லுக்கா. நானே பூசறேன். நானே சூடு பண்றேன். நீ எதையும் தொடாத.”

அவன் அடுப்பைப் போட்டான். பிரஷைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, திட்டுத்திட்டாகப் பூசினான். அக்கா சுவரோரமாகப் போய், இரண்டு கையையும் அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் கோர்த்துக்கொண்டு நின்றாள்.